சிவப்பு விளக்கு அணையும் வரை

பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவர் சும்மா இருப்பார். நன்றாகத் தெரிந்தவரும் சும்மாதான் இருப்பார். கையேட்டில் பாதி படித்தவர்தான் நடுவில் புகுந்து கத்துவார். (என்னைத்தான் சொல்கிறேன்.)

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில் அப்போது நான் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவில் நான் மட்டும்தான். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பது என் சர்வருக்கு மட்டுமே தெரியும். அது மறந்துவிட்டால், மலைபோல் கிடக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

அதில் புதிதாக ஒரு கார்டு போட்டிருந்தோம். விவரங்களை ரேமில் வைத்திருப்பதால் அசுர வேகம். ஆனால் கரண்ட் போனால் ரேம் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதற்காகவே அந்தக் கார்டில் ஒரு குட்டி பேட்டரியும், பென் டிரைவில் இருப்பதுபோல ஃபிளாஷும் உண்டு. கரண்ட் போன கணத்தில், பேட்டரியின் தெம்பில் ரேமில் உள்ளதையெல்லாம் ஃபிளாஷுக்கு நகல் எடுத்துக்கொள்ளும். அதுவரை ஒரு சிவப்பு விளக்கு மின்னும். மின்னி அடங்குமுன் மறுபடி கரண்ட் கொடுக்கக் கூடாது என்றது கையேடு.

"கரண்ட் போனாலும் ஒரு எழுத்து அழியாது அண்ணாச்சி" என்று மேனேஜர் செல்வராஜ் அண்ணாச்சியிடம் அளந்துவிட்டிருந்தேன். அவரும் அதை நம்பி, யூபிஎஸ்ஸை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டார்.

கப்பலுக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கரண்ட் போனது.

ஜன்னல் இல்லாத சர்வர் அறைக்குள் ஓடினேன். கார்டு இருந்தது சர்வர் அலமாரியின் அடித்தட்டில். தரையில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இருட்டில் சிவப்பு விளக்கு மின்னியது. அப்பாடா, நகல் எடுக்கிறது!

"ஏளா ஜெசிந்தா, ஜெனரேட்டரப் போடட்டுமா?" வாசலில் அண்ணாச்சி.

"போடாதீங்க! சிவப்பு லைட் எரியுது!"

ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியது. முடியவில்லை. மின்னிக்கொண்டே இருந்தது.

"யம்மா, எறால் வச்சிருக்க குளிர்பெட்டிக்கும் அதே ஜெனரேட்டருதான். உள்ள சூடு ஏறுது."

"இப்பப் போட்டா பாதி நகலோட எல்லாமே போயிரும் அண்ணாச்சி!"

(சர்வரின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு ஜெனரேட்டரைப் போட்டிருக்கலாமே என்று இதைக் கேட்கிற எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அது அன்று வீட்டில் குளிக்கும்போதுதான் தோன்றியது.)

வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. கப்பல் ஏஜெண்ட் மூச்சிரைக்க வந்தார். அவர் பார்த்தது அலமாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு கால்களைத்தான்.

"இந்தப் பிள்ளைக்கு மயக்கமா?" என்று கேட்டபடி என் பின்னால் வந்து நின்றார். அந்த நொடியே விளக்கு அணைந்தது.

"முடிஞ்சிட்டு! போடுங்க!"

அண்ணாச்சி வெளியே ஓடினார். ஏஜெண்ட் அவரைப் பார்க்க நகர்ந்தார். விளக்கு மறுபடி மின்னியது.

"ஐயோ, போடாதீங்க!"

அண்ணாச்சி திரும்பி ஓடிவந்தார். ஏஜெண்ட் மறுபடி என் பின்னால் நின்றார். அணைந்தது. "போடுங்க!" ஏஜெண்ட் விலகினார். மின்னியது. "வேண்டாம்!"

"ஒரு முடிவு சொல்லுளா!" என்று அண்ணாச்சி கதறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மெதுவாகத் தலையை வெளியே எடுத்துத் திரும்பினேன். எதிர்ச் சுவரில் தீயணைப்பு அலாரம், தனக்கும் கரண்ட் இல்லை என்று சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அதன் பிரதிபலிப்புதான் கார்டின் பளபளப்புத் தகட்டில் விழுந்திருக்கிறது; ஏஜெண்ட் குறுக்கே நின்றபோதெல்லாம் மறைந்திருக்கிறது. கார்டு தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

"போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

ஜெனரேட்டர் உறுமியது. சர்வர் எழுந்தது. திரை கறுப்பாகவே நின்றது. ஏஜெண்ட் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு வரிசை வரிசையாகப் பெட்டிகள் திரையில் வந்தன. கடைசியாக நகர்த்திய பெட்டிகூட அதன் இடத்தில் இருந்தது. இறால் கெடவில்லை. என் பெயர்தான் கெட்டது.

போன வருடம் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். தியேட்டர் கதவின் மேல் சிவப்பு விளக்கு. சொன்ன நேரம் தாண்டியும் அணையவில்லை. அம்மா ஜெபமாலையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். துணைக்கு வந்திருந்த அண்ணாச்சி மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"ஏளா, அது நெசமாவே அந்த லைட்டுதானா? எதுக்கும் பின்னால திரும்பிப் பாத்துக்கோ."

அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். நர்ஸ் வந்து எங்களை அதட்டிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்து, டாக்டர் வெளியே வந்து, "நல்லா இருக்கார்" என்றார்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா நெஞ்சுத் தழும்பைத் தடவிக்கொண்டே இந்தக் கதையைத்தான் சொல்கிறார். அவர் கதையில் கப்பல் கேப்டனே இறங்கி வந்து என் காலைப் பிடித்து வெளியே இழுக்கிறார். நான் திருத்துவதில்லை.