பீப்பாய்க்குள் ஓடிய போட்டு

மட்டக்களப்பு வாவியில் மோட்டார்ப் போட்டு என்கிற எஞ்சின் படகு ஓட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒரு நாளும் தண்ணீரில் இறக்காமலே மோட்டார்ப் போட்டு ஓட்டியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம் இருந்தார்.

பெயர் தந்தியர். தபால் கந்தோரில் தந்தி அடித்து ஓய்வு பெற்றவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. ஆயுள் முழுதும் ஊரார் துக்கத்தையும் சந்தோசத்தையும் பத்துச் சொல்லுக்குள் சுருக்கிச் சுருக்கி அனுப்பியதில் வாயும் அப்படியே சுருங்கிவிட்டது.

"மழை வருமா மாமா?"

"வரும்."

"வெள்ளமும் வருமோ?"

"பிறகு."

நான் அப்போது கவிதை எழுதுவதைத் தவிர வேறு வேலையில்லாத பட்டதாரி. மூன்று பக்கத்தில் ஒரு கவிதையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டு, ஒரு வரி விடாமல் வாசித்து, மடித்துத் திருப்பித் தந்தார்.

"நீளம்."

"இந்த மனிசனக் கட்டின நாள் தொட்டு நான்தான் மனே ரெண்டு பேருக்கும் சேத்துக் கதைக்கன்" என்பாள் அவர் மனைவி பூமணி மாமி.

மாமிக்குச் சொந்த இடம் வாவிக்கு அந்தப் பக்கம், பொழுது விழும் படுவான்கரை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். தந்தியர் முறையை மாற்றினார். டவுன் கந்தோரில் தந்தியடிக்க ஆளில்லை என்று பெண்ணை இந்தக் கரைக்குக் கூட்டிவந்தார். தோணி புறப்படும்போது மாமியின் அம்மா இடுப்பில் கைவைத்துத் துறையில் நின்றாவாம்.

"மாப்பிள வருவாரெண்டு கூரைக்குப் புதுக் கிடுகு போட்டு வெச்சா, இவர் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறாரே! மறுகா எப்ப நான் எண்ட புள்ளயக் காணுற?"

தந்தியர் தோணியில் நின்றபடி அனுப்பிய பதில்: "ஞாயிறுதோறும். சொந்தப் போட்டில். சத்தியம்."

நாலு சொல்தான். ஒரு மனிதனின் மீதி ஆயுளை வளைத்துப் போட அது போதுமாயிருந்தது.

தோணியிலும் ஓடத்திலுமாக வருடங்கள் போயின. ஓய்வு பெற்ற கையோடு காத்தான்குடிக்குப் போய், பழைய சாமான் கடை நானாவிடம் ஒரு போட்டை வாங்கினார். முன்னொரு காலத்தில் ஏதோ தேயிலைத் தோட்டத்துத் துரை இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வரவழைத்தது. அறுத்து, இழைத்து, ஒவ்வொரு பலகைக்கும் இலக்கம் போட்டு வந்ததாம். எந்த இலக்கத்தோடு எதைப் பூட்டுவது என்று ஒரு தாளும். துரை பூட்டினார், ஓட்டினார், ஊருக்குப் போனார். போட்டு நானாவின் வாப்பா கைக்கு வந்தது.

"நல்லாப் பாத்து எடுங்க தந்தியர்" என்றார் நானா. "எங்கட வாப்பா இதுக்குள்ள முப்பது வருசம் வெங்காயம் போட்டு வெச்சவரு. தண்ணியக் கண்டா இது பயந்திரும்."

தந்தியர் பலகையைத் தடவினார். மரம் தேன் நிறத்தில் மின்னியது. இருபத்திமூன்றாம் இலக்கத்தில் கை நின்றது. "இறுக்கம்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட உச்சப் பாராட்டு அது.

போட்டு வந்தது. அதற்குள் யுத்தம் வாவியின் நடுவில் கோடு கிழித்திருந்தது. இந்தக் கரை ஆமி கையில், அந்தக் கரை இயக்கத்தின் கையில். எஞ்சின் பூட்டி வாவியில் இறக்க ஆமியிடம் அனுமதி வேண்டும். தந்தியர் முகாம் வாசலில் வரிசையில் நின்றார்.

"போட்டு எதுக்கு? மீனுக்கா, ஆக்கள் ஏத்தவா?"

"இல்லை."

"அப்ப எதுக்கு?"

"சும்மா."

அந்தக் காலத்தில் சீமெந்துக்குப் பாஸ் இருந்தது, பற்றரிக்குப் பாஸ் இருந்தது. சும்மாவுக்குப் பாஸ் இல்லை. மாமி வீட்டில் கொதித்தாள்: "எண்ட அம்மாவப் பாக்கப் போறன் எண்டு சொன்னா என்ன?"

"பிடிப்பான்."

இதற்குப் பிறகுதான் எங்கள் தெரு உலகப் புகழுக்குத் தகுதியானது. மரமுந்திரிக்குக் கீழே இரண்டு பனங்குற்றியில் போட்டை ஏற்றினார். பின்னால் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர். எஞ்சினின் வால் பீப்பாய்க்குள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தொப்பி போட்டு ஏறி உட்காருவார். கயிற்றை இழுப்பார். புடுபுடுபுடு என்று பீப்பாய் கொதிக்கும், காகம் பறக்கும், எங்கள் வீட்டுக் கோப்பைகள் நடுங்கும். மேற்கே பார்த்தபடி நாற்பது நிமிடம். அக்கரைக்குப் போக அவ்வளவு நேரம் என்பது அவர் கணக்கு. நிறுத்திவிட்டு, "சேர்ந்தாச்சு" என்பார்.

மாமி தேத்தண்ணியோடு வருவாள். "இறங்குங்க கப்பல்காரரே, கரை வந்திட்டு."

"ஏறு."

"எண்ட அம்மாட துறைக்குப் போகுமெண்டா ஏறுவன். இந்த மரமுந்திரியச் சுத்துறத்துக்கு நான் ஏற மாட்டன்."

அவள் ஏறவில்லை, அவள் கோழி ஏறியது. முன்பலகைக்குக் கீழே முட்டையிட்டு அடை கிடந்தது.

பிறகு ஒரு நாள் அக்கரையில் மாமியின் அம்மா கண்மூடிய செய்தி வந்தது, எல்லாம் முடிந்து மூன்றாம் நாள். அந்த ஞாயிறு எஞ்சின் நாற்பது நிமிடத்தில் நிற்கவில்லை. பெற்றோல் தீரும்வரை ஓடியது. தெருவில் ஒருவரும் சத்தம் என்று குறை சொல்லவில்லை.

கடல் எழுந்து வந்த அந்த மார்கழி நாளும் ஒரு ஞாயிறுதான். எங்கள் தெரு கடலுக்கும் வாவிக்கும் நடுவே சீலைக் கரை அகலத்தில் கிடந்தது. அன்று எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது என்பதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. தந்தியரும் நானும் டவுனில் நின்றதால் தப்பினோம். திரும்பி வந்தால் வீடு இல்லை, வேலி இல்லை, போட்டு இல்லை, மாமி இல்லை. மரமுந்திரி நின்றது. இரண்டு நாள் ஆசுபத்திரி ஆசுபத்திரியாக அலைந்தோம்.

இரண்டாம் நாள் பொழுதுபட ஒரு மீன்காரர் சொன்னார்: அக்கரையில், கண்டல் மரங்களுக்குள், போட்டு ஒன்று கிடக்குது. உள்ளே ஒரு பொம்பிளையும் கோழியும்.

ஓடத்தில் போனோம். மாமியை ஒரு வீட்டில் இருத்தியிருந்தார்கள். இரவல் சீலை, உடம்பெல்லாம் சேறு, மடியில் கோழி. கோழியைத் தூக்கப் போன நேரம் தண்ணீர் வந்திருக்கிறது. பிடிக்க வேறொன்றும் இல்லாமல் போட்டுக்குள் விழுந்திருக்கிறாள். கடல் அதை அப்படியே தூக்கி வாவிக்குக் குறுக்கே எறிந்து, அம்மாவின் துறைக்குக் கூப்பிடு தூரத்தில் விட்டிருக்கிறது.

"உங்கட பெட்டி நல்லாத்தான் ஓடுது" என்றாள். "பாஸ் கேட்டு நீங்க இருங்க. நானும் கோழியும் கேக்காமலே வந்திட்டம்."

தந்தியர் அவள் சேற்றுக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

தரைவழியாகச் சுற்றி டிராக்டரில்தான் மாமி திரும்பினாள். தண்ணீரின் பக்கம் அதற்குப் பிறகு முகம் கொடுக்கவில்லை. போட்டு அக்கரையில் நின்றுவிட்டது. சண்டை மறுபடி மூண்டது. கரை கை மாறியது. நான் கொழும்பு, பிறகு வேறு ஊர், பிறகு வேறு நாடு என்று கால் தரிக்காமல் அலைந்தேன். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் ஒரு கடிதம் வந்தது.

"போட்டு வந்தது. வா."

வந்தேன். புது வீடு, பழைய மரமுந்திரி, அதன் கீழே போட்டு. இத்தனை வருடம் ஒரு வெள்ளாமைக்காரர் அதில் விதைநெல் ஊறவைத்திருந்தாராம். வெங்காய வாசத்தோடு நெல் வாசமும் சேர்ந்திருந்தது. இருபத்திமூன்றாம் பலகை மட்டும் போய்விட்டது. அந்த இடத்தில் எங்கள் பழைய வீட்டுக் கதவில் ஒரு துண்டு. இப்போது பாஸ் கேட்பாரில்லை. சும்மாவே போகலாம்.

"தண்ணிக்கு மட்டும் நான் வரமாட்டன்" என்றாள் மாமி.

தந்தியர் தலையாட்டினார். பீப்பாயை உருட்டி வந்து நிறுத்தித் தண்ணீர் நிரப்பினார். ஞாயிறு, நாலு மணி. தொப்பி. ஏறி உட்கார்ந்தார். மாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சீலையைத் தூக்கிச் செருகினாள்.

"கையப் பிடியுங்க."

ஏறினாள். முன்பலகையில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அவர் கயிற்றை இழுத்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அந்த மனிதர் கத்தத் தொடங்கினார்:

"இந்தா புள்ள, நம்மட கரை பின்னுக்குப் போகுது. கண்ணத் திறக்காத. காத்து இல்ல, வாவி எண்ணெயாட்டம் கிடக்கு. இடப்பக்கம் ஒரு கொக்கு நிக்கி, நம்மளப் பாத்திட்டுச் சும்மா நிக்கி. கண்டல் வருது, தலையக் குனி. ஆ, தாண்டிட்டம். புளியமரம் தெரியுது. துறையும் தெரியுது. ஆரோ நிக்காங்க. இடுப்பில கைவெச்சிட்டு நிக்காங்க புள்ள..."

மாமி கண்ணைத் திறக்கவில்லை. "பிந்திட்டமெண்டு ஏசுறாங்களா?"

"ஓம். நல்லா ஏசுறாங்க."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொற்களை எண்ணிக்கொண்டிருந்த நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இதையும் பத்துச் சொல்லில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன் மாமா. நீண்டுவிட்டது. பிந்தியும்விட்டது. ஏசுங்கள்.