மாரிகுப்பம் வண்டியின் ஆடிட்டர்

ரயில் ஆடிட்டர் என்றோர் இனம் உண்டு. படித்துப் பாஸ் செய்த ஆடிட்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் எதைக் கேட்டாலும் ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்பார்கள். இவர் பார்க்கவே மாட்டார். சொல்லிவிடுவார்.

தினமும் காலையில் பெங்களூருக்குப் போகிற மாரிகுப்பம் வண்டியில் எங்கள் பெட்டிக்கு வாய்த்தவர் ஏகநாதன். ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக்கடை, சரக்கு எடுக்க பெங்களூருக்குப் போய்வருகிறவர். மாதச் சம்பளம் என்று ஒன்றை ஆயுளில் வாங்கியதில்லை. அதனாலென்ன? ஊரிகம் ஸ்டேஷனில் ஏறுகிறவரின் சம்பளம், படி, பி.எஃப்., வீட்டு வாடகை, மாமியார் பெயரில் போட்டிருக்கும் டெபாசிட் வரை விசாரித்து, பங்காரப்பேட்டைக்குள் தீர்ப்பு வழங்கிவிடுவார். ஏன் அதற்குள்? அங்கே கூட்டம் ஏறிவிட்டால் மூச்சுவிடவே இடமிருக்காது, பேச்சு எங்கே? எங்கள் ஊரில் பெண் பார்ப்பது, வீடு விற்பது, வேலையை விடுவது எல்லாமே பங்காரப்பேட்டைக்கு முன்னால் முடிவானவைதான்.

அன்று மாட்டியவள் சுமா. ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பிலிருந்து வருகிற பெண், ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். எம்.டெக். படிக்க வேண்டுமென்று வருஷக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தவள்.

“அங்கிள், எம்.டெக். ஃபீஸை கம்பெனியே கட்றாங்களாம். இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள சரின்னு சொல்லணும். டாக்ஸ் புடிப்பாங்களா?”

“இன்னாம்மா கேள்வி இது? கம்பெனி குடுக்கறது எல்லாம் பெர்க்விசிட்.”

அந்த வார்த்தையை உதிர்த்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அப்படியொரு திருப்தி.

“அப்படின்னா?”

“சம்பளத்துல சேத்துடுவான்னு அர்த்தம். என் சகலை பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினது சகலையோட கம்பெனிதான். மொத்தத்துக்கும் டாக்ஸ் புடிச்சிக்கினாங்க, மனுஷன் நொந்துட்டாரு. நீ வேணாம்னு சொல்லிடு.”

கம்பெனி, சகலை மகனைப் படிக்க வைப்பதும், தன் வேலைக்காகத் தன் ஊழியரையே படிக்க வைப்பதும் ஒன்றா? பெட்டியில் ஒருவராவது கேட்டோமா? தலையை ஆட்டினோம். பங்காரப்பேட்டை வந்துவிட்டது.

சுமா வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பேச்சுவாக்கில் அவளுக்குத் தெரிந்தது: வேலைக்காக ஊழியரையே படிக்க வைக்கிற செலவை அவர்கள் ஊழியரின் சம்பளத்தில் சேர்ப்பதே இல்லையாம். அதற்குள் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. மறுநாள் வண்டியில் அவள் கண் கலங்கக் கேட்டபோது ஏகநாதன் அசையவில்லை.

“நான் பொதுவா சொன்னேன்மா. உன் கேஸு வேற.”

பாவம் சுமா, இனி இந்த இனத்தின் பக்கமே போகமாட்டாள் என்று நினைத்தேன். போன வாரம் வால்டர் வந்து உட்கார்ந்தார். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மன்.

“என் பொண்ணு காலேஜ் ஃபீஸை கம்பெனி கட்டுதாம். டாக்ஸ் எதனா வருமா?”

ஏகநாதன் வாயைத் திறப்பதற்குள் சுமா முந்திக்கொண்டாள்.

“தைரியமா வாங்கிக்குங்க அண்ணா. கம்பெனி கட்ற ஃபீஸுக்கு டாக்ஸே கெடையாது. நான் ஏமாந்த மாதிரி நீங்களும் ஏமாந்துடாதீங்க.”

வால்டர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

இதோ, உங்களுக்கு நாக்கு துடிக்கிறது. ‘ஐயோ, மகள் படிப்பென்றால் அது அப்பா சம்பளத்தில் சேருமே, யாராவது சொல்லக் கூடாதா’ என்று வால்டரைத் தட்டி எழுப்பக் கை நீள்கிறது. நல்ல மனசுதான். சரி, அதை நீங்கள் எந்த வண்டியில் கேட்டீர்கள்?