கனகசபாபதியார் ஆறுமணிக்குருவி கண்ட படலம்

வாழ்க கனகசபாபதியார்! உரும்பிராய்ச் செம்மண் ஈன்றெடுத்த சீராளர், சங்கக்கடை மனேச்சராய் அமர்ந்து அரிசிக்கும் மாவுக்கும் நெடுங்காலம் ஆணை செலுத்தி ஓய்ந்த பெருந்தகை, மூக்குக்கண்ணாடி தரித்த முழுமதி முகத்தார், சாரத்தை மடித்துக் கட்டிச் சருகின்மேல் ஓசையெழாது நடக்கும் பூனைப்பாதர் வாழ்க! அவர் ஒரு குருவியைக் காண வேண்டி மேற்கொண்ட பெருமுயற்சியையும், அதன் பொருட்டு அவர் தலையில் வந்திறங்கிய பெரும்பழியையும், அப்பழி நீங்கிய விதத்தையும் இங்கே விரித்துரைக்கப் புகுகின்றோம். காவியம் காக்கும் தேவதைகளே, எம் நாவில் வந்து அமருங்கள். அமர இயலாதென்றால் அந்த மாமரக் கிளையிலாவது சற்று நேரம் சத்தம் போடாமல் இருங்கள், குருவி பறந்துவிடும்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் ஐப்பசி மாதம். போரால் மின்சாரம் குடாநாட்டை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பற்றறி என்பது பழங்கதைப் பொருளாகிவிட்டமையால், வீடுதோறும் சுவர் மணிக்கூடுகள் தாம் நின்ற நேரத்தையே தவமிருந்து காட்டிக்கொண்டிருந்தன. அந்நாளில் வாடைக்காற்றின் முதுகேறி, பாக்குநீரிணையை ஒரே மூச்சில் தாண்டி, வடதேசத்திலிருந்து வந்திறங்கியது ஆறுமணிக்குருவி. விடியல் ஆறு மணிக்கும் அந்தி ஆறு மணிக்கும் 'குவீ–ட்டியூ' என்று அது ஓங்கிக் கூப்பிடும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கனகசபாபதியாரின் இல்லத்தரசி பராசக்தி அம்மையார் சாமிக்கு விளக்கு வைப்பார்.

நம் நாயகரோ ஓய்வுபெற்ற நாள் முதலாய்ப் பறவை காண்பதையே பெருந்தொழிலாய்க் கொண்டவர். பருத்தித்துறைக்குப் போகும் வழியில் வல்லை வெளியில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூழைக்கடாக்களை நோக்கி நின்று, போன காரியம் என்னவென்பதையே மறந்து திரும்பியவர். தூரத்தைக் கிட்டக் காட்டும் கண்ணாடி அவரிடம் இல்லை. இருந்தாலும் எடுத்திருக்கமாட்டார், அப்படியொரு கருவியோடு வெளியில் நிற்பவரைக் குருவி பார்ப்பவர் என்று எவரும் நினையாத காலம் அது. ஆகவே வெறுங்கண்ணே வேலாக, பொறுமையே கேடயமாக அவர் கண்டுகொண்ட பறவைகள் எத்தனையோ. மாங்குயில் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. செண்பகம் தப்பவில்லை. மீன்கொத்தியோ தானாகவே வந்து முன்னால் அமர்ந்தது.

ஆறுமணிக்குருவி ஒன்றே அகப்படவில்லை.

குரல் கேட்கும், உருவம் தெரியாது. தரையோடு தரையாய், சருகோடு சருகாய், புதர்க்கீழ் இருளில் ஒளித்துத் திரியும் மாயவித்தைக்காரப் பறவை அது. தேசிக்காய் மரத்தின் அடியில் நம் நாயகர் ஒரு விடியலில் பதுங்கியிருக்க, சிற்றெறும்புச் சேனை அவர் கால்வழியே படையெடுத்து ஏறி, இன்ன இடமென்று நாம் கூறவொண்ணாத இடத்தில் கொடி நாட்டியது. அவர் துள்ளினார், குருவியும் துள்ளியது, அது வேலிக்கு அப்பால் போயிற்று. இன்னோர் அந்தியில் மூச்சையடக்கி முழந்தாளில் தவழ்ந்து போனவரைத் திடீரெனத் தும்மல் ஒன்று தாக்க, வீடுகள் நிரைத்த ஒழுங்கை முழுவதும் அதிர்ந்தது.

இத்தனைக்கும், விளக்குமாறும் கையுமாய் முற்றம் கூட்டும் பராசக்தி அம்மையாருக்கோ அக்குருவி நாள்தோறும் தரிசனம் தந்தது.

"இஞ்சாருங்கோ, உங்கடை குருவி இப்பத்தான் துளசிக்குக் கீழை நிண்டு வாலை ஆட்டிச்சுது. நீங்கள் செருமின சத்தத்திலை ஓடிட்டுது" என்பார் அவர்.

அச்சொற்கள் காய்ச்சிய அம்பெனப் பாய, நம் நாயகர் சோற்றைப் பாதியில் விட்டு எழுவார்.

இனி எதிர்த்தரப்பைப் பாடுவோம். கனகசபாபதியாரின் வளவுக்கு அடுத்த வளவில், கிடுகு வேலிக்கு அப்பால் குடியிருந்தார்கள் கிறகோரியும் அவருடைய தமக்கை அருமைநாயகியும். குருநகரில் கடலைப் பார்த்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். கரையில் ஷெல் விழத் தொடங்கியபின், வலையைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு இந்த வெறும் வீட்டைத் தேடிப் பிடித்துப் பூட்டின் திறப்பைக் கையில் கொடுத்தவர் நம் நாயகரே. கிறகோரி தோளகன்ற மௌனி. அருமைநாயகியோ, ஐயகோ, எப்படி உரைப்போம்! இடியின் தங்கை, சூறாவளியின் சிறிய தாயார், மீன்சந்தையில் விலை பேசினால் மீனே வெட்கித் தலைகுனியும் வாய்வல்லாள். வந்த நாள் முதலாய் அவர் சிரித்ததை எவரும் கண்டதில்லை.

அந்த வளவின் கிணற்றடியில் செழித்து நின்றது ஒரு வாழைக்கூட்டம். ஈரமும் இருளும் சருகும் புழுவும் ஒருங்கே கூடிய அந்த இடத்தை, அந்தோ, ஆறுமணிக்குருவி தன் இராசதானியாகத் தெரிந்தெடுத்தது!

அதன் குரல் அங்கிருந்து எழுவதைக் கேட்ட நாயகர் வேலியை நெருங்கினார். வேலியில் நாய் நுழைந்து நுழைந்து உண்டாக்கிய ஒரு பொட்டு இருந்தது. மானமுள்ள மனிதர் எவரும் கண் வைக்கத் துணியாத துவாரம் அது. ஏனெனில் அதற்கு நேர் எதிரே பெண்கள் குளிக்கும் கிணற்றுக்கட்டு. நாயகர் இடப்புறம் பார்த்தார், வலப்புறம் பார்த்தார். ஆசை அறத்தோடு பொருதது. ஆசை வென்றது. மண்ணில் மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, பொட்டிலே வலக்கண்ணைப் பொருத்தினார்.

கண்டார்! வாழைச்சருகு அசைந்தது. ஒரு சருகு எழுந்து விழுந்தது. இன்னும் ஒரு கணம், ஒரேயொரு கணம்...

அக்கணத்தில் தண்ணீர் அள்ள வந்த அருமைநாயகி, வேலியின் அடியிலே இமைக்காத கண்ணொன்றைக் கண்டார்.

"ஐயோ தம்பி, ஓடியா! உங்கை வேலிப் பொட்டுக்குள்ளாலை ஒரு கண் தெரியுது!"

சொல் முடியுமுன் வாளி எழுந்தது. மாரிமேகம் மலைமுகட்டில் கவிழ்ந்தாற்போல், ஒரு வாளித் தண்ணீர் முழுவதும் கிடுகைக் கிழித்துக்கொண்டு வந்து நம் நாயகரின் திருமுடிமேல் இறங்கிற்று. நனைந்த கோழியென எழுந்த அவர், தம் மானத்தைக் காக்க உண்மையையே ஆயுதமாக எடுத்தார். அதைவிடத் தவறான ஆயுதம் அவ்வேளையில் வேறில்லை.

"தங்கச்சி, பிழையா நினையாதேங்கோ! நான் குருவி பாக்கிறன்!"

"குருவியோ? ஆரைக் குருவி எண்டிறியள்? இந்த வயசிலை உங்களுக்கு நான் குருவியோ?"

அப்பேரோசை ஒழுங்கையின் இரு முனைகளையும் தொட்டுத் திரும்பியது. படலைகள் திறந்தன, தலைகள் நீண்டன.

அன்று பொழுதுபடமுன் கிறகோரி வந்து படலையடியில் நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"ஐயா, இருக்க இடம் பாத்துத் தந்த மனிசன் நீங்கள். எனக்கு உங்களிலை ஒரு குறையும் இல்லை. ஆனா அக்கா சாமானைக் கட்டத் தொடங்கிட்டா. நாளைக்கே வேறை இடம் பாக்கவேணும் எண்டு நிக்கிறா."

இதைக் கேட்ட நாயகரின் நெஞ்சு உண்மையிலேயே நடுங்கிற்று. ஊர் சிரிப்பதை அவர் பொறுப்பார். ஆனால் ஒருமுறை வீடிழந்து வந்தவர்கள், தம் கண்ணொன்று செய்த குற்றத்தால் இன்னொருமுறை பாயைச் சுருட்டுவதா? 

அப்போது அடுப்படியிலிருந்து வெளிப்பட்டார் பராசக்தி அம்மையார்.

"தம்பி, இஞ்சை பாருங்கோ. இந்த மனிசன் என்னையே நிமிந்து பாத்துக் கனகாலம். செட்டை முளைச்சதைத்தான் பாக்கும். குருவி விசர். நான் சொல்லுறன் எண்டு அக்காவிட்டைச் சொல்லுங்கோ. நாளைக்குப் பின்னேரம் நாங்கள் ரண்டு பேரும் உங்கடை வளவுக்கு வாறம். நாலு பேருமா இருந்து பாப்பம். குருவி வந்தால் கதை முடிஞ்சுது."

"வராட்டி?" என்றார் கிறகோரி.

"வராட்டி," அம்மையார் கணவனைத் திரும்பிப் பார்த்தார், "இவரையும் கட்டி உங்கடை சாமானோடை ஏத்துங்கோ."

மறுநாள் அந்தி. போர்க்களமாயிற்று கிணற்றடி. வாழைக்கூட்டத்தை நோக்கி விரிக்கப்பட்டது ஒரு பாய். ஓரத்தில் அருமைநாயகி கைகட்டி அமர்ந்தார், தீர்ப்பை முன்னரே எழுதி வைத்துவிட்ட நீதிபதி போல. கட்டிய மூட்டைகள் விறாந்தையில் வரிசையாய் இருந்தன.

"ஆறு மணிக்குக் கத்துற குருவியாம்," என்றார் அவர், எவரையும் பார்க்காமல். "மணிக்கூடு கட்டின குருவியாக்கும். குருநகரிலை கடற்காகம் கண்டிருக்கிறன், கொக்குக் கண்டிருக்கிறன். அதுகள் நேரம் பாத்துக் கத்தினதில்லை."

"உஷ்!" என்றார் நாயகர், மன்றாடும் குரலில்.

காற்று நின்றது. இலை நின்றது. நால்வர் மூச்சும் நின்றன. வானம் செம்பொன்னாகி, செம்பொன் சாம்பலாகி வந்த அந்த விளிம்பிலே, வாழையின் இருளுக்குள்ளிருந்து எழுந்தது சங்கநாதம்:

குவீ–ட்டியூ!

அருமைநாயகியின் புருவம் ஒன்று உயர்ந்தது. நாயகரின் உள்ளம் யானைமேல் ஏறி ஊர்வலம் புறப்பட்டது. வந்தது வேளை, வந்தது வெற்றி, இதோ...

இதோ வந்தது பொம்பர்.

பலாலி விமானத்தளப் பக்கத்து வானில் எழுந்த அந்தக் குண்டுவிமானத்தின் இரைச்சலைக் கேட்டதும் கிறகோரி, "பங்கர்! பங்கருக்குள்ளை!" என்று கூவினார். மாமரத்தடியில் அவரே தம் கையால் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடிய பதுங்குகுழி அது. அதனுள் முதலில் பாய்ந்தவர் எவரென நாம் உரைக்கவும் வேண்டுமோ? வில்லிலிருந்து விடுபட்ட கணையும் நாணும்படி, பெண்களுக்கு வழிவிடும் பண்பாட்டையும் ஒரு கணம் மறந்து, குழியின் கடைக்கோடியை அடைந்தார் கனகசபாபதியார். அவர் பின்னால் பராசக்தி அம்மையார், பின்னர் கிறகோரி, கடைசியாய் வாசலோரம் அருமைநாயகி என்று நால்வரும் புகையிலைக் கட்டுப்போல் நெருங்கிக் குந்தினர். அம்மையார் கண்ணை மூடி முருகா முருகா என்றார். அருமைநாயகியின் விரல்கள் செபமாலையை உருட்டின. வானத்தில் அரக்கன் ஒரு வட்டம் போட்டான். தூரத்தில் எங்கோ நிலம் அதிர, பனங்குற்றிகளினூடே செம்மண் பொடியாய் உதிர்ந்தது. பிறகு இரைச்சல் தேய்ந்து தேய்ந்து கிழக்கே போயிற்று.

ஒருவரும் அசையவில்லை. இப்படியான வேளைகளில் உடனே வெளியே போகக் கூடாதென்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்த அமைதியிலே, குழியின் வாயிற்படியில், ஒரு சருகு புரண்டது.

அருமைநாயகியின் கையில் செபமாலை நின்றது. அவர் முகத்துக்கு முன்னால், கையை நீட்டினால் எட்டும் தூரத்தில், மண்மூட்டையின் மேலே வந்து நின்றது அது.

"மாதாவே," என்றார் மூச்சோடு மூச்சாய். "தம்பி, பார். சட்டை போட்டிருக்குது."

"ஓம் அக்கா," என்றார் கிறகோரி. "செட்டையிலை நீலம். கண்ணிலை மை பூசினமாதிரி ஒரு கறுப்பு."

"நான் சொன்னனெல்லோ," என்று காதோரம் கிசுகிசுத்தார் பராசக்தி அம்மையார்.

அந்தோ, விதியே! மூவரும் கண்டனர், நாயகர் கண்டாரில்லை. அவருக்கும் குருவிக்கும் நடுவே மதில்போல் அகன்று கிடந்தது கிறகோரியின் முதுகு. அதன் இடுக்கில் தெரிந்த சிறு துண்டு வெளிச்சத்தை அருமைநாயகியின் கொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. எக்கினார், பனங்குற்றி தலையில் இடித்தது. சரிந்தார், மண் தோளை உரசிற்று. வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, கேட்டால் பறந்துவிடும். அரசாங்கம் கொடுக்காத அரிசிக்கெல்லாம் சங்கக்கடை வாசலில் நின்று சனத்திற்குப் பதில் சொன்ன அந்தப் பெருவாய், முதல் முறையாக ஒன்றும் சொல்லாமல் துடித்தது.

பனங்குற்றியில் தலை மோதிய ஒலியைக் கேட்டு அருமைநாயகி மெல்லத் திரும்பினார். கடைக்கோடி இருளில், கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட, திருவிழாவில் கைதவறிய பிள்ளையின் முகத்தோடு குந்தியிருந்தவரைக் கண்டார். ஒரு கணம் பார்த்தார். பின்னர், வாய்வல்லாள், இடியின் தங்கை, அந்த அருமைநாயகி, ஒரு சொல்லும் இன்றித் தம்பியின் தோளைப் பிடித்து ஒரு பக்கம் சாய்த்து, தாமும் தலையைத் தாழ்த்தி, ஈர மண்ணிலே கன்னம் பட அப்படியே குனிந்து கொண்டார்.

திறந்தது வழி. கண்டார் கனகசபாபதியார்!

மரகதம் போர்த்த முதுகைக் கண்டார். பசுமஞ்சளும் பாலும் குழைத்த மார்பைக் கண்டார். வயிற்றின் கீழே தீப்பொறிபோல் ஒரு செம்மையைக் கண்டார். இருந்தும் இல்லாததுமான அந்தக் குட்டி வால், போர்க்கொடியென மேலும் கீழும் அசையக் கண்டார். குருவியும் தலையைச் சரித்து, குழிக்குள் அடைபட்டிருந்த மானுடரைச் சற்று நேரம் ஆராய்ந்து பார்த்தது. அவ்வளவில் அதற்குத் திருப்தி. ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு இருளுள் மறைந்தது. நாயகரின் கண்ணாடியில் ஏதோ ஈரம் படிந்தது. மண் விழுந்துவிட்டதென்று அவர் பிற்காலத்தில் உரைப்பார்.

வெளியே வந்தபோது அருமைநாயகியின் கன்னத்தில் செம்மண் அப்பியிருந்தது.

"அண்ணை," என்றார், "நான் கத்தினதை மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

"அதை விடுங்கோ தங்கச்சி. நீங்கள் குனியாட்டி நான் கண்டிருக்கமாட்டன்."

"ஆனா அண்ணை, பங்கருக்குள்ளை ஓடின வேகம்! உந்தக் குருவியும் அப்பிடி ஓடாது."

சொன்னவர் சிரித்தார். கிறகோரி தமக்கையைத் திரும்பிப் பார்த்துவிட்டு விறாந்தைக்கு ஏறி, மூட்டைகளின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

இங்ஙனம் எறும்புச் சேனையைப் பொறுத்து, தும்மலின் துரோகத்தைத் தாங்கி, வாளிப் பெருமாரியில் மூழ்கி எழுந்து, வான்வழி வந்த அரக்கனுக்கும் அஞ்சாது, அல்லது அஞ்சியும், அருங்குருவியைக் கண்ணால் வென்று, பழி துடைத்து, அயலாரை அயலாராகவே நிறுத்திக்கொண்ட செம்மண் சிங்கம் கனகசபாபதியாரின் புகழ், பனைகள் உள்ளளவும் வடலிகள் முளைக்குமளவும் வல்லை வெளியில் காற்று வீசுமளவும் நின்று நிலைப்பதாகுக!

பிறகு எல்லாரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள்.