ஒன்பது துறைமுகங்களும் ஒரு பெங்குவினும்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், 'நாவல் எழுதுகிறேன், தொந்தரவு செய்யாதே' என்று மனைவியிடம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, எட்டு மாதம் கம்ப்யூட்டரில் ராஜ்ஜியம் ஆண்டுகொண்டிருந்தேன். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய விளையாட்டு. கோட்டை கட்டலாம், கால்வாய் வெட்டலாம், பக்கத்து நாட்டின் மீது படையெடுக்கலாம். வீட்டில் ஃபியூஸ் மாற்றத் தெரியாத எனக்கு அங்கே ஒன்பது துறைமுகங்கள் இருந்தன.

அந்த ராஜ்ஜியத்துக்கு எமனாக வந்தவர் பெங்குவின். கிள்ளான் பள்ளத்தாக்கில் அவரைப் போல நல்லவரும் கிடையாது. அவர் கைபட்டுக் குழம்பாத கம்ப்யூட்டரும் கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸில் அரசாங்கக் குமாஸ்தா. லினக்ஸ் என்ற இலவச கம்ப்யூட்டர் சிஸ்டத்தின் மீது அவருக்குப் பக்தி. அதன் சின்னமான பெங்குவின் அவருக்கே பெயராகிவிட்டது. சிடிக்களை மைலோ டின்னில் அடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் காப்பார் முதல் செலாயாங் வரை போய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் லினக்ஸ் போட்டுவிட்டு வருவார்.

கிள்ளானில் ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி, கறுப்புத் திரையைப் பார்த்து அலறிவிட்டார். "பாஸ், என்ன லா இது, ஸ்டியரிங் இல்லாத காடி மாதிரி இருக்கு!"

"ஸ்டியரிங் எதுக்குண்ணே? எங்க போவணும்னு டைப் பண்ணுங்க, அதுவே போகும்."

அது கடைசிவரை எங்கும் போகவில்லை.

சரஸ்வதி பூஜையன்று சுண்டல் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். முன்னால் தாம்பாளத்தில் என் சிடிக்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"அண்ணி, எல்லாம் திருட்டு சிடி. கலைமகள் முன்னால திருட்டுச் சாமானை வச்சி, அதுக்குப் பொட்டு வேறயா?"

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் சிறைக்கே போய் வந்தேன். "நாளைக்கு விஜயதசமி," என்றார் பெங்குவின். "புது வித்தை ஆரம்பிக்க நல்ல நாளு."

மறுநாள் டின்னோடு வந்துவிட்டார். "டிஸ்க் முழுக்க அழியும்ண்ணே. உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

மனைவி காப்பியோடு பக்கத்தில் நின்றாள். துறைமுகங்களைச் சொன்னால் நாவலின் குட்டு உடையும். "நாவல் மட்டும்தான்," என்றேன்.

"அப்ப அத காப்பி எடுத்துக்கறேன். எங்க இருக்கு?"

"உள்ளேதான்."

தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒரு ஃபிளாப்பியைச் சொருகினார். "எடுத்துட்டேன் அண்ணே. பெரிய நாவல் லா!"

எதை எடுத்தார் என்று கேட்கவும் முடியவில்லை. என் சாம்ராஜ்ஜியம் அழிவதைக் காப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு என் மேசையில், என் கம்ப்யூட்டரில், 'உனக்கு அனுமதியில்லை' என்று எனக்கே பதில் வந்தது. போன் செய்தேன்.

"நீங்க அதுல சாதாரண ஆளுண்ணே. ரூட்தான் முதலாளி, அவருதான் அனுமதி தரணும்."

"ரூட் யாரு?"

"அதுவும் நீங்கதான்."

"அப்புறம் நான் ஏன் எனக்கே அனுமதி தரல?"

"நீங்க முறையா கேக்கலையே!"

போனை வைத்துவிட்டு, எனக்கு நானே என்ன தவறு செய்தேன் என்று வெகுநேரம் யோசித்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அந்த ஃபிளாப்பியோடும் ஓர் அட்டைப்பெட்டியோடும் வந்தார். பெட்டிக்குள் அதே விளையாட்டு, ஒரிஜினல். என்னென்னவோ தட்டினார். கறுப்புத் திரையில் என் ஒன்பது துறைமுகங்களும் எழுந்து வந்தன. கடல் சிவப்பு, சிப்பாய்கள் பச்சை, சத்தம் அறவே இல்லை.

"லினக்ஸ்ல இத ஓட வைக்க மூணு மாசமாச்சுண்ணே," என்றார், என் மனைவியின் காதில் விழாதபடி. "கலர்தான் இன்னும் சரியா வரல. மன்னிச்சிக்குங்க."

நான் சொன்ன பொய்யைக் கடைசிவரை காப்பாற்றியவர், என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மோட்டாரை மிதித்துப் போனார். மனம் தாங்காமல் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "இப்படி ஒரு மனுஷன் கிடைப்பாரா?" என்று கேட்டேன்.

அவள் திரையில் இருந்த சிவப்புக் கடலைப் பார்த்தாள்.

"நீங்க எழுதாம இருக்கறதுக்காக, பாவம், மூணு மாசம் உழைச்சிருக்காரு."