வாயாலேயே குதிரை ஓட்டுகிறவர்

குதிரை ஏறத் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: ஒரு காலத்தில் தெரிந்திருந்தவர்கள். குதிரைச் சவாரிப் பள்ளியின் கணினியைப் பழுது பார்க்கப் போன அன்று, உடை மாற்றும் அறையில் இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்த்தேன். தொழில் ஆடிட்டர். பழைய சவாரிக் கால்சட்டையின் மேல் பொத்தானோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். பெட்டியில் கிடந்து கிடந்து துணி சுருங்கிவிட்டதாம். இடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

இவர்கள் ஏறுவதற்கு முன்பே காரணங்கள் ஏறிவிடும். சேணம் வழுக்குகிறது, கால் வைக்கிற வளையம் ஒரு பக்கம் நீளம், மணலில் ஈரம், இந்தக் குதிரைக்குக் காலையிலிருந்தே முகம் சரியில்லை, அந்தக் காலத்தில் குதிரைகளுக்கு இருந்த பணிவு இப்போது எங்கே போயிற்று என்று, கடிவாளத்தைத் தொடாமலே ஒரு சவாரி போய்விட்டு வருவார்கள். எல்லாம் வாயாலேயே.

பயிற்சியாளர் அம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, குதிரையை நீளக் கயிற்றில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து நடுவில் நின்று, அவரை வட்டமாகச் சுற்றவிட்டார். அது புதிதாக வருகிறவர்களுக்கான ஏற்பாடு. பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பொடிசுகள் கயிறில்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஆடிட்டரோ தான் தனியாகவே ஓட்டுவதாக வீட்டில் கதை சொல்லியிருந்தார். அதை நம்பி மகள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வைப் பார்க்க வருகிறாள். தேறினால் கயிறு அவிழும். இல்லாவிட்டால் மானம் அவிழும்.

தேர்வு டிரஸ்ஸாஜில். இது பந்தயமல்ல, குதிரையை நேர்கோட்டில் நடத்தி, வட்டம் சுற்றி, சொன்ன இடத்தில் நிறுத்தி, ஓட்டுகிறவர் இடும் ஆணையே பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் அழகு காட்டுகிற கலை.

“சார், காலால பேசுங்க. வாய்க்கு இங்க வேலையில்ல. பேசப் பேச மார்க் போயிட்டே இருக்கும்,” என்றார் பயிற்சியாளர்.

“எனக்கேவா மேடம்? அந்தக் காலத்துல குதிரை மேல நான் இருக்கறதே யாருக்கும் தெரியாது,” என்றார் இவர்.

ஞாயிறு வந்தது. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், மனிதர் நன்றாகவே ஓட்டினார். குதிகால் தானாகத் தாழ்ந்தது, முதுகு நிமிர்ந்தது, மறந்ததெல்லாம் உடம்புக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கேலி செய்வதற்கென்றே வந்திருந்த மச்சினர்கூட வேலியோரம் நின்று கைதட்டினார். நடுவர் தலையாட்டினார். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அப்போது ஒரு வட்டம் லேசாகக் கோணிப்போனது.

அவ்வளவுதான். பேசாமல் மேலே போயிருந்தால் அதுவும் போயிருக்கும். விடுவாரா? மகள் தப்பாக நினைத்துவிட்டால்? வேலிப் பக்கம் திரும்பி, அது குதிரையின் தவறு என்று அவளுக்கு விளக்கினார். நடுவர் மதிப்பெண் குறைத்தார். ஏன் குறைக்கிறீர்கள் என்று இவர் கேட்டார். அதற்கும் குறைந்தது. இதே குற்றத்துக்கு அந்தக் காலத்தில் என்ன வழக்கம் என்று எடுத்துச் சொல்லத் தொடங்கியபோது, குதிரை, இது பேசுகிற நேரம் போலிருக்கிறது என்று நினைத்து நின்றுவிட்டது. மணி அடித்து வெளியே அனுப்பினார்கள்.

தலைக்கவசத்தைக் கழற்றியபடி வந்தவரிடம் மகள் மெதுவாகச் சொன்னாள்: “வட்டம் கோணினத யாருமே பாக்கலப்பா. நீங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.”

உங்களுக்குக் குதிரைவாடையே ஆகாதா? நல்லது. ஆனால் பரண்மேல் தூசி படிந்து ஒரு டென்னிஸ் மட்டையோ வயலினோ கிடக்கிறதல்லவா? விருந்தாளி அதை நிமிர்ந்து பார்த்ததுமே, “அப்பல்லாம் நான்...” என்று தொண்டையைச் செருமுகிறவர் யார்?

ஆடிட்டர் இப்போதும் ஞாயிறுதோறும் கயிற்றில்தான் சுற்றுகிறார். உங்களுக்கு வேண்டுமானால், பக்கத்தில் இன்னொரு குதிரை சும்மாதான் நிற்கிறது.