பொம்பிலியுவின் வலது கை

"அத்தை இறந்துட்டாங்க டாக்டரம்மா. இன்னிக்கு வர முடியாது."

போனைக் காதில் வைத்தபடியே இலிங்கா நோட்டைப் புரட்டினாள். "போன வாரமும் அதே அத்தைதானே செத்தாங்க?"

மறுமுனையில் வெத்தூரியா கொஞ்சம் யோசித்தாள். "அது அடக்கம். இது நாற்பதாம் நாள்."

"ஏழு நாள்ல நாற்பதாம் நாளா?"

"எங்க பாதிரியார் கொஞ்சம் அவசரக்காரர்."

லைன் கட்டானது.

பிரெய்லா நகரத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய அந்தச் சிகிச்சை நிலையத்தில் இலிங்கா பிசியோதெரபிஸ்ட். எல்லோருக்கும் டாக்டரம்மா. பக்கவாதம் வந்தவர்களின் கைக்குப் பயிற்சி கொடுக்கும் ரோபோ ஒன்றை ஆறு மாதத்துக்கென்று அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். விழுந்துபோன கையை அதில் வைத்துக் கட்டினால், திரையில் நீந்தும் மீனைப் பிடிக்கச் சொல்லும். கை முடிந்தவரை நகர வேண்டும். மீதியை ரோபோ தள்ளிவிடும். பத்துப் பேர் இருபது நாள் பயிற்சியை முடித்தால் ரோபோ இங்கேயே தங்கும். இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். ஒன்பது பேர் முடித்துவிட்டார்கள். பத்தாவது ஆள் பொம்பிலியு.

அறுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வந்தாரென்றால் அறையே கலகலக்கும். "என் தேவதை வந்தாச்சா? இன்னிக்கு எத்தனை மீன் வேணும், பொரிக்கவா, குழம்புக்கா?" என்பார். இடது கையால் இலிங்காவின் கையைப் பிடித்து முத்தமிடுவார். அவருக்குப் பக்கவாதம் வந்து பத்து மாதம். மீன் பிடிக்கும் ஆசைக்குக் குறைவில்லை. ஆனால் ஐந்து நாள் வந்தவர் ஆறாம் நாள் முதல் வரவில்லை.

மறுநாள் அவர் மனைவி வெத்தூரியா அவரைக் கூட்டிவந்தாள். வலது கையில் தோள்வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"பூனை கீறிடுச்சு."

இலிங்கா கட்டைப் பிரித்தாள். ஒரு கோடுகூட இல்லை.

"எங்க கீறுச்சு?"

"சீக்கிரமா ஆறிடுச்சு போல."

பொம்பிலியு விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா தேவதை, முப்பத்தஞ்சு வருஷமா இந்த மூளையோடதான் குடும்பம் நடத்துறேன்!"

வெத்தூரியா சிரிக்கவில்லை. அவருடைய வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டாள். தினமும் அவருக்குச் சவரம் செய்துவிடுவதும், சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவதும் அவள்தான்.

இலிங்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புருஷன் தானே சாப்பிட ஆரம்பித்தால் தனக்கு வேலையில்லாமல் போய்விடுமென்று இந்தம்மாவுக்குப் பயம். எத்தனை குடும்பங்களில் பார்த்திருக்கிறாள்!

"இனிமே நீங்க அலைய வேணாம்மா. நிலையத்து வேன் வந்து கூட்டிட்டு வரும்."

"வேன் வேணாம் டாக்டரம்மா."

"செலவே இல்லம்மா."

"அதுக்கில்ல..." என்று தொடங்கி, புருஷனைப் பார்த்துவிட்டு வெத்தூரியா வாயை மூடிக்கொண்டாள்.

வேன் டிரைவர் நெலு. திங்கட்கிழமை டயர் பஞ்சர் என்றான். செவ்வாய்க்கிழமை பேட்டரி. புதன்கிழமை, பாலத்தில் ஆட்டு மந்தை.

"நெலு, அந்தப் பாலத்துல பஸ்ஸும் லாரியும்தான் போகும். ஆடு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதான் மேடம், எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு."

"ஒரு நோயாளியோட வாழ்க்கை மேடம் உன் கையில இருக்கு, தெரியுதா?" கோபத்தில் அவனையே மேடம் என்றுவிட்டாள்.

நெலு தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும் மேடம். அதான்."

அவன்மேல் புகார் எழுதிக் கொடுத்தாள். அரை மாதச் சம்பளம் போயிற்று. அதோடு விடாமல் மறுநாள் முதல் தன் பழைய காரிலேயே போனாள். மூன்று மாடி ஏறி, பொம்பிலியுவைத் தாங்கி இறக்கிக் கூட்டிவந்தாள். ஒரு காலை வெத்தூரியா கதவைத் திறக்கவில்லை. சாவி தொலைந்துவிட்டதாம். இலிங்கா பூட்டு ரிப்பேர்காரனைக் கூட்டிவந்து திறந்தாள்.

பலன் கிடைக்காமல் போகவில்லை. ஒன்பதாம் நாள் விரல் அசைந்தது. பதின்மூன்றாம் நாள் முழங்கை மடங்கியது. பதினேழாம் நாள் ரோபோ தள்ளவே இல்லை. பொம்பிலியு தன் பலத்திலேயே நாற்பது மீன் பிடித்தார்.

இருபதாம் நாள் இலிங்கா கேக் வாங்கினாள். நர்சுகள் கூடினார்கள். வெத்தூரியாவை அழைத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள்.

"காட்டுங்க ஐயா, உங்க வீட்டம்மா பாக்கட்டும்!"

பொம்பிலியு வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினார். ஐந்து விரலையும் மடக்கினார். இறுக்கினார். நர்சுகள் கைதட்டினார்கள்.

வெத்தூரியா மெல்லிய குரலில் கேட்டாள். "இதுக்கு மேல பலம் வருமா டாக்டரம்மா?"

"நிச்சயமா! இன்னும் மூணு மாசத்துல பழையபடி ஆயிடும்."

"பழையபடி" என்றாள் வெத்தூரியா. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

இலிங்கா அவள் தோளை அணைத்துக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த நெலுவிடம் திரும்பி, "பாத்தியா? சந்தோஷத்துல எப்படி அழறாங்க! இதைத்தான் நீ கெடுக்கப் பாத்தே" என்றாள்.

நெலு தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கினான்.

"மேடம், அவங்களுக்கு நேர் கீழ்வீட்டுலதான் நான் குடியிருக்கேன். இந்தப் பத்து மாசமாத்தான் அந்தம்மா அடி வாங்கி அலறுற சத்தம் கேக்காம இருந்துச்சு."