சர்வேயர் பார்க்க வந்த வண்டி

"ஆவணி, வெள்ளிக்கிழமை, காலை. மாமனாரின் புது காருக்குப் பூஜை. எலுமிச்சம்பழம் நான்கு. நசுங்கியவை: பழம் நான்கு, பானெட் ஒன்று."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். ஒரு நடுகல்லைப் பார்த்துவிட்டு வந்தாலே நான்கு பக்கம் எழுதுகிறவன் நான். அன்று கை ஓடவில்லை.

மாமனாருக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. அதுவரை பைக்கும் முட்டை ஏற்றும் சின்ன வேனும்தான். முதல் முறையாகக் கார் வாங்கினார், அதுவும் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். அந்த வீட்டில் எல்லோருக்கும் உருப்படியாக ஒரு வேலை தெரியும். சேலத்திலிருந்து போகும் எனக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியும். ("எங்க மாப்பிள்ளை நிறையப் படிச்சவருங்க" என்று மாமியார் அறிமுகப்படுத்தும்போது, அவர் குரலில் லேசாக மன்னிப்புக் கேட்கிற தொனி இருக்கும்.)

"வேனுக்குப் போட்ட மாதிரி மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போதுமுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். விடுவேனா? எனக்கும் ஒரு துறை கிடைத்த மகிழ்ச்சியில், பாலிசிச் சொற்களுக்கெல்லாம் தமிழில் விளக்கம் எழுதி எடுத்துப்போய், கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்தேன். பிரீமியம் என்றால் வருடா வருடம் நாம் கட்டுவது. டிடக்டிபிள் என்றால் ஒவ்வொரு சேதத்திலும் முதல் பகுதியாக நம் கையிலிருந்து போவது. டெப்ரிசியேஷன் என்றால் தேய்மானம். பழைய பம்பருக்குப் புது பம்பரின் முழு விலையைத் தர மாட்டார்கள். நோ கிளைம் போனஸ் என்றால், இழப்பீடு எதுவும் கேட்காமல் ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டியவனுக்கு அடுத்த பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி.

மச்சினன் பிரபு சந்தேகம் கேட்டான். "மூணாம் நபர்னா, அப்ப மொத ஆளு யாருங்க மச்சான்?"

"நாம."

"ரெண்டாவது?"

"கம்பெனி. நாம போய் இடிக்கிற ஆள்தான் மூணாவது."

"இன்னும் வண்டியே ஊட்டுக்கு வரல. அதுக்குள்ள இடிக்கிற ஆளுக்கு நம்பர் போட்டாச்சு" என்றார் மாமியார்.

நான் அசரவில்லை. "முழு பாலிசி எடுங்க மாமா. ஒரு கீறல் விழுந்தாலும் கம்பெனி பார்த்துக்கும். இது என் பொறுப்பு" என்றேன். அந்த வீட்டில் என் சொல்லை நம்பி எடுக்கப்பட்ட முதல் முடிவு அது. என் மதிப்பு முழுவதும் இப்போது அந்தக் காரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பூஜையன்று கோயில் வாசலில் மாமனார் சாவியை என்னிடமே நீட்டினார். "நீங்களே ஏத்துங்க மாப்பிள்ளை." எலுமிச்சம்பழத்தின் மேல் நான்கடி உருட்டவேண்டும், அவ்வளவுதான். இடது காலால் இல்லாத கிளட்சைத் தேடினேன். அது கிடைக்காத பதற்றத்தில் வலது காலை அழுத்தினேன். சக்கரங்களுக்கு முன்னால் வைத்த பழங்கள் நான்கும் கடமையை முடித்தன. கார் அங்கே நிற்காமல் கோயில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. தொட்டிக்கும் ஒன்றுமில்லை. பூசாரி மட்டும் கற்பூரத் தட்டோடு மதில்மேல் ஏறியிருந்தார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நானோ, உண்மையைச் சொன்னால், உள்ளூர மகிழ்ந்தேன். வாசித்ததை நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டேன். "ஒண்ணும் கவலைப்படாதீங்க மாமா. திங்கக்கிழமை சர்வேயர் வந்து வண்டியைப் பார்ப்பார்" என்று அறிவித்துவிட்டு, கெங்கவல்லிப் பக்கம் ஒரு நடுகல்லைப் பார்க்கப் போய்விட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பண்ணையைப் பார்க்க பாங்கிலிருந்து ஆள் வந்தாலும் சரி, கால்நடை டாக்டர் வந்தாலும் சரி, முந்தின நாளே கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் கோலம் போட்டு வைக்கிற குடும்பம் அது. நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தில் எல்லாச் சொல்லும் இருந்தது, சர்வேயர் என்ற சொல்லைத் தவிர. (சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிட வருகிறவர் என்று யாருக்குத்தான் தெரியாது என்று விட்டுவிட்டேன்.)

திங்கட்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கார் வாசலில் மாலையோடு நின்றது. பளபளவென்று. புது பம்பர், புது விளக்கு. பானெட்டில் என் முகம் தெரிந்தது, வெளிறியிருந்தது. மாமனாரின் தம்பி, சின்ன மாமா, புது லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அடிபட்ட வண்டிகளைத் தொடாதவர், அண்ணனுக்காக ஆட்களைவிட்டு இரண்டு நாளில் முடித்திருந்தார்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"பின்ன, பாக்க வார மனுசனுக்கு நசுங்குன வண்டியவா காட்டறது?" என்றார் மாமனார். "நம்ம மாப்பிள்ளை சொல்லி வர்ற ஆளு. உங்க மருவாதை என்னாகறது?"

சர்வேயர் வந்தார். காரை ஒருமுறை சுற்றினார். குனிந்து பார்த்தார். எதிர்ப்பக்கமாக இன்னொரு முறை சுற்றினார்.

"அடி எந்தப் பக்கமுங்க?"

"கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றார் சின்ன மாமா பெருமையோடு.

"பழைய பம்பர்?"

"பழைய இரும்புக் கடைக்குப் போயிருச்சுங்க. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு."

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். "ரிப்பேருக்கு முந்தி நாங்க பாக்கோணும்னு நீங்க சொல்லலைங்களா சார்?" மாமனார் மெதுவாகக் கேட்டார்: "அப்ப கம்பெனி ஒண்ணும் தராதுங்களா?"

"சேதத்தையே பாக்காம என்னத்தைங்க எழுதறது? வேணும்னா கிளைமை வாபஸ் வாங்கிக்கலாம். அடுத்த வருசம் நோ கிளைம் போனஸாவது கிடைக்கும்."

மாமனார் முகம் மலர்ந்தது. "அந்தப் போனஸா? மாப்பிள்ளை அன்னைக்கே சொன்னாருங்களே!" என்று சர்வேயருக்கு இலை போடச் சொன்னார். என் மதிப்பை யாரோ பட்டறையில் விட்டு நிமிர்த்தி எடுத்துவந்த மாதிரி இருந்தது. சாப்பாட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. சர்வேயர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்றும் அந்த வீட்டுக்கு விருந்தாளி வரும் நாளில், "சர்வேயர் வாராரு, கூட்டிப் பெருக்குங்க" என்றுதான் மாமியார் சொல்வார். பிரபுவுக்குப் பெண் பார்க்கப் போன அன்று என் மனைவி அவன் தலையை வாரிவிட்டு, "அடிபட்டது எதுவும் தெரியலைடா, போ" என்றாள். எனக்குப் பூஜைகளில் எலுமிச்சம்பழம் வாங்கிவரும் வேலை மட்டும் தருகிறார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்த சர்வேயர் தன் சொந்தக் காரின் கதவில் விழுந்த ஒடுக்கை எடுக்கச் சின்ன மாமாவின் பட்டறைக்கே வந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. சின்ன மாமாவிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன்; சிரிக்கிறாரே தவிர, ஆமென்றும் சொல்வதில்லை, இல்லையென்றும் சொல்வதில்லை. ஆகவே இத்தகவல் இதுவரை உறுதி செய்யப்படவில்லை.